தவழும் பிள்ளைக்குச் செருப்பு

“அதைத் தூக்கிட்டு டைரக்ட் பண்ணிடுப்பா” என்று மாமனார் சொன்னதும் எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நான் போய் மெயின் போர்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

இனி என்னை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும். வைக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே நாலாவது நாளாக விடாத மழை. பழைய வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறி, குளியலறையிலிருந்து இந்த நடைவரைக்கும் தரை நசநசத்துக் கிடந்தது.

போர்டில் இருப்பது புது ட்ரிப் ஸ்விட்ச். வீட்டில் எங்காவது கரண்ட் கசிந்தால், அது ஒரு ஆளைச் சாய்ப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் அணைத்துவிடும். போன வாரம் மாமனார் வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்து நான்தான் மாட்டவைத்தேன். மழை பிடித்ததிலிருந்து வெந்நீர் ஹீட்டரைப் போட்டால் போதும், டப்பென்று விழுந்துவிடுகிறது. இப்போதும் விழுந்துதான் கிடக்கிறது. அதைத்தான் கழற்றிவிட்டு ஒயரை நேராக இணைக்கச் சொல்கிறார் மாமனார்.

“புதுசா வந்ததுலேர்ந்து வீட்டுல நிம்மதியே இல்ல” என்று மாமனார் நாள் முழுக்கப் புலம்புகிறார். ஸ்விட்சைச் சொல்கிறாரா, என்னைச் சொல்கிறாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

போன மாதம் என் செருப்பு வார் அறுந்துபோய், வெறுங்காலோடு குளியலறைக் குழாயைத் தொட்டேன். தோள்வரைக்கும் உதறிப் போட்டது. கத்திக்கொண்டு வந்து சொன்னேன்.

“உனக்கு ரத்தம் கம்மிம்மா, அதான்” என்றார் மாமனார். அத்தை சாயங்காலம் எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்து வைத்தார்.

இந்த வீட்டுக்குள் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு உண்டு. கல்யாணமாகி வந்த அன்றைக்கே அத்தை ஒரு ஜோடியை என் காலடியில் வைத்து, தரை சில்லென்று இருக்கும், சளி பிடித்துக்கொள்ளும் என்றார். மருமகள் மேல் என்ன கரிசனம் என்று பூரித்துப்போனேன்.

போன வாரம் என் மகளுக்கும் ஒரு ஜோடி வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும், பின்னால் வார் வைத்தது. அவள் இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். நிற்கவே தெரியாத பிள்ளைக்குச் செருப்பா என்று நான் சிரித்தேன். அத்தை சிரிக்காமல் மாட்டிவிட்டார்.

அவளுக்காகத்தான் இங்கே நிற்கிறேன். இன்றைக்குத் தவழ்கிறவள் நாளைக்கு அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்பாள்.

“எங்கப்பா பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு இது” என்றார் மாமனார். “இத்தனை வருஷத்துல ஒருத்தருக்காவது ஷாக் அடிச்சிருக்கா? உங்க அத்தையைக் கேளு.”

வழக்கமாக அத்தை உடனே “அடிச்சதில்ல” என்பார். இன்று தரையைப் பார்த்தார். என் கணவரோ, ஓடாத மின்விசிறியை இன்றுதான் கண்டுபிடித்ததுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் தரையைப் பார்த்தேன்.

மாமனார் காலில் ரப்பர் செருப்பு. அத்தை காலில், கணவர் காலில், என் காலில். எங்கள் எல்லோரிலும் வெறுங்காலோடு நின்றவர் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான். பாவம், மரியாதைக்கு வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார்.

சளியாவது மண்ணாவது.

“சரி மாமா, டைரக்டே பண்ணட்டும். நான் நகர்ந்துக்கறேன்” என்றேன். “மெயினையும் ஹீட்டரையும் போட்டதும் நீங்க செருப்பைக் கழட்டிட்டு அந்தக் குழாயைத் திறங்க. அது போதும்.”

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா கட்டிய வீட்டை மருமகள் சந்தேகப்படுவதா? “இதோ” என்று வலது காலைச் செருப்பிலிருந்து உருவினார்.

“ஐயோ, கழட்டாதீங்க!”

அத்தைதான். அவர் குரல் அவ்வளவு ஏறும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது. கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமனாரின் கால் தரைக்கு மேலேயே நின்றது.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மகள் தவழ்ந்து வந்தாள். தாத்தாவைப் பார்த்ததும் வேகம் கூடியது. காலில் அந்தக் குட்டிச் செருப்புகள், ஒரு வார்கூட நழுவாமல். ஈரத் தரையில் சளப் சளப்பென்று அவளுடைய வெறும் உள்ளங்கைகள்.

மாமனார் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு, காலை மறுபடியும் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகினார்.

அத்தை பேத்தியை வாரி இடுப்பில் வைத்து, அவள் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். “அந்த ஹீட்டரைக் கழட்டுப்பா. ஒயர் பூராவும் மாத்தணும், என்னைக்கு வர்றேன்னு சொல்லு” என்றார். கேட்டது எலக்ட்ரீஷியனை. பார்த்தது மாமனாரை.

பிறகு தன் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, ஈரத்தில் நடந்து வந்து, என் பக்கத்தில் போர்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

இந்த வீட்டுக்குள் அத்தையின் வெறுங்காலை அன்றுதான் பார்த்தேன். வார் பதிந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.