மன்னிக்கவும், இடமில்லை

"நாற்பத்தொரு விண்ணப்பம். ஒருத்தன் கூப்பிடேல்லை. உங்கடை பள்ளிக்கூடம் என்ன செய்து கிழிச்சது?"

குகநேசன் கதிரையில் இருக்காமலே நொர்வேஜிய மொழியில் வெடித்தார். ரொம்மன் பகுதியில் இருக்கும் தன்னுடைய கராஜிலிருந்து நேரே வந்திருந்தார். விரல்களில் எண்ணெய்க் கறை. பக்கத்தில் மகள் சாருகா கீழே பார்த்தபடி இருந்தாள்.

மின்சாரத் தொழில் படிக்கிறாள். வகுப்புப் படிப்பு இரண்டு வருடமும் முடியப்போகிறது. இனி ஏதாவதொரு கம்பனி 'லேர்லிங்' என்று சேர்த்து வேலை பழக்கினால்தான் சான்றிதழ். சேர்க்காவிட்டால் அவ்வளவுதான், பாதியில் நின்ற பிள்ளை.

"இவளைவிடப் புள்ளி குறைஞ்ச வெள்ளைப் பிள்ளையளுக்கெல்லாம் கிடைச்சிட்டுது. பெயரைப் பார்த்துத்தானே எறியிறாங்கள்?"

"உண்மைதான்," என்றார் பள்ளிக்கூட ஆலோசகர் ஹில்டே.

குகநேசனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பேரம் பேசிப் பழகிய மனிதர். மற்றவர் 'இல்லை' என்றால்தானே அவருக்குக் கதை வரும்.

"வருடா வருடம் பார்க்கிறேன். முடிக்காமல் போகும் பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள்தான் அதிகம். சேர்க்க ஆளில்லை."

ஹில்டே அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, கம்பனிப் பெயர் இருந்த தலைப்பை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு முன்னால் வைத்தார்.

'மாணவர் திறமைசாலிதான். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் சங்கடப்படுவார்கள். மன்னிக்கவும், இடமில்லை.'

குகநேசனுக்குக் கண் சிவந்தது.

"வாடிக்கையாளர் சங்கடப்படுவினமோ? ஆர் இவன்? பெயரைச் சொல்லுங்கோ, இண்டைக்கே போய் நாலு கேள்வி கேட்கிறன்."

"பெயர் சொல்லக்கூடாது."

"சொல்லாமல் நான் எழும்பமாட்டன்," என்று அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

சாருகா தமிழில் மெல்லச் சொன்னாள்:

"அப்பா, கத்தாதேங்கோ. போன மாசம் எங்கடை பள்ளிக்கூடத்துச் சோமாலிப் பெடியன் ஒருத்தன் எங்கடை கராஜிலை லேர்லிங் இடம் கேட்டு எழுதினவனெல்லே. நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் இந்தப் பதிலை டைப் பண்ணினனான்."

ஹில்டே கையை எடுக்கவில்லை. குகநேசனும் எடுக்கச் சொல்லவில்லை.

கன நேரம் தன் விரல்களிலிருந்த கறையையே தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கி ஹில்டேயிடம் கேட்டார்:

"அந்தப் பெடியனுக்கு இடம் கிடைச்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"சாருகா, போனை எடு. திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரட்டாம் எண்டு எழுது. பிந்தி வந்தால் பேச்சு விழும் எண்டும் போடு."

"அப்ப என்ரை நாற்பத்திரண்டாவது விண்ணப்பம், அப்பா?"

"அதையும் இண்டைக்கே அனுப்புவம். முதல் இதை டைப் பண்ணு."