ஐந்நூறு கிலோ

திராட்சைத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்த கிணற்றின் பாதி ஆழத்தில் கிரேன் தொட்டி நின்றுவிட்டது. மேலே இன்ஜின் கோளாறு.

இரும்புத் தொட்டி நிறையக் கல். கல்லின் மேல் கருத்தக்கண்ணன் அண்ணனும் நானும், கம்பி ரோப்பைப் பிடித்தபடி.

வேலை முடிகிற நேரத்தில் கல்லோடு ஒருவர்தான் ஏறி வருவது வழக்கம். கம்பம் டவுன் காலேஜில் எனக்கு ஆறு மணிக்கு மாலை வகுப்பு. அதற்காக அண்ணன் இன்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

தலைக்கு மேல் ரோப்பில் ஒரு பிரி அறுந்து முள்ளாக விரிந்தது.

கல்லைக் கீழே தள்ளவும் முடியாது. நேர் கீழே பிச்சைமணியும் சுருளியம்மாளும் அடுத்த தொட்டிக்காக நிற்கிறார்கள். ஒதுங்க இடமில்லை.

"ஏலே, ஒங்க டீச்சரு இதுக்கு என்ன சொன்னாக?"

"விழுகும்போது நம்ம எடை நமக்கே தெரியாதுன்னு சொன்னாகண்ணே."

"அப்ப அவுகளயே வந்து விழச் சொல்லு."

சுகிர்தம் டீச்சர் போன வாரம் நடத்தியது ஐன்ஸ்டீன். ஈர்ப்பு ஒரு விசையே இல்லையாம். பெட்டிக்குள் ஓர் ஆளை நிறுத்தி, அவனுக்கு என்ன தெரிகிறது என்று கேட்கிற பாடம். எனக்கு மூச்சு முட்டியது.

நியூட்டன் அப்படியில்லை. கணக்குப் போடுகிறவன் பத்திரமாக வெளியே நிற்கலாம். எது இழுக்கிறது, எது தாங்குகிறது என்று எழுதிக் கூட்டினால் விடை. மற்றவர்கள் இரண்டு முறை சரிபார்ப்பார்கள். நான் மூன்று முறை.

மேலிருந்து கிரேன்காரர் ராக்கப்பன் எட்டிப் பார்த்தார். இன்ஜின் சரியாகிவிட்டதாம். ஆனால் தூக்கும்போது குலுங்கும். ரோப்பு பழசு, ஐந்நூறு கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

"காலேசு, கணக்குப் போட்டுச் சொல்றா" என்றார் அண்ணன். அவர் குரலில் இப்போது கேலி இல்லை.

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தேன். தொட்டி, கல், ஆள் என்று வரிசையாக எழுதி மூன்று முறை கூட்டினேன். நானூற்று எண்பத்திரண்டு.

"தாங்கும்ண்ணே."

அண்ணன் முகம் தெளிந்தது. அண்ணாந்து கத்தினார்: "தாங்குமாம்ப்பா, எடு!"

இன்ஜின் உறுமியது.

நோட்டை மூடுமுன், சந்தேகம் விடாமல், நான்காவது முறையாகப் பார்த்தேன்.

தொட்டி 90. கல் 330. அண்ணன் 62.

என் எடை ஐம்பத்து நான்கு. அதை எங்கும் எழுதவில்லை.

தலைக்கு மேல் ரோப்பு விறைத்தது.