முகம் தெரியாத தேர்வு

டாக்டர் படிப்புக்கான தேர்வில் இப்போது எல்லாருக்கும் ஒரே முகமூடி, ஒரே எந்திரக் குரல். எந்தச் சாதி, எந்த இனம் என்று தெரிந்துவிட்டால் ஆட்டம் காலி. என் மகள் கன்னியம்மா கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். தேர்வறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற நான், பரபரப்பில் பக்கத்து ஆளின் காபியைக் குடித்துவிட்டேன்.

உள்ளே கட்டிலில் நிஜ நோயாளி, ஒரு பெரியவர். அவரிடம் பேசி என்ன நோவு என்று கேட்டறிவதுதான் சோதனை. முகமூடி போட்ட மூன்று பேர் கேட்டும் அவர் வாயே திறக்கவில்லை. என் மகள் முறை வந்தபோது, வலி தாங்காமல் எங்கள் இருளர் பாஷையில் முனகினார்.

கன்னியம்மா முகமூடியைக் கழற்றினாள். "எங்க வலிக்குது பெரியப்பா?" என்று அதே பாஷையில் கேட்டாள்.

"ஐயோ, வேணாம் தாயி!" என்று கண்ணாடியில் முட்டிக்கொண்டேன்.

பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கப்பட்டு மறைத்ததையெல்லாம் சொன்னார்.

"விதிமீறல். வெளியேறவும்," என்றது எந்திரம். அவள் போய்விட்டாள்.

அடுத்த முகமூடி வந்ததும் பெரியவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு வந்தாத்தான் தொட விடுவேன்."

தேர்வுக்குழுத் தலைவர் எழுந்து அவளைத் தேடி ஓடினார். அவரை முந்திக்கொண்டு நான் ஓடினேன்.