வரிசையில் ஏழு பேர்

பார்வை போனதிலிருந்து, பயணச் சலுகை அட்டையைப் புதுப்பிக்க அந்தத் தையற்காரர் வருடா வருடம் மைத்துனரைத்தான் கெஞ்ச வேண்டும். மைத்துனர் நாலு பொத்தானை அமுக்கிவிட்டு நாலாயிரம் பேரிடம் சொல்லிக்காட்டுவார். இந்த வருடம் அரசு இணையதளத்தையே கணினிக் குரல் படித்துக்காட்டும்படி மாற்றிவிட்டார்கள்.

“யாரும் கை வைக்கக் கூடாது. நானே பண்றேன்” என்று மனைவியிடம் அறிவித்துவிட்டு, மணமேடையில் மாப்பிள்ளை உட்கார்வதுபோல் கணினி முன் உட்கார்ந்தார்.

குரல் முதலில் முகப்புப் படத்தை விவரித்தது. “அலுவலக வாசல். வரிசையில் ஏழு பேர். கடைசியில் நீலச் சட்டைக்காரர், கையில் வெள்ளைக் கோல்.”

“நான் இன்னைக்கு என்ன சட்டை போட்டிருக்கேன்?”

“நீலம்தாங்க. ஆனா படத்துல வெறும் கட்டடம்தான் இருக்கு. ஈ, காக்கா கூட இல்ல.”

“உனக்குக் கண்ணாடி மாத்தணும்டி.”

பெயர், பிறந்த தேதி, அட்டை எண் என்று ஒவ்வொன்றாகக் குரல் பொறுமையாகக் கேட்டது. அவரும் தடவித் தடவித் தட்டினார். “விண்ணப்பம் ஏற்கப்பட்டது” என்றதும் அவர் போட்ட கூச்சலில் பக்கத்து ஊர் நாய்கள் எல்லாம் குரைத்தன. மைத்துனர் இல்லாமலே முடித்துவிட்டார்! கண் கலங்க, திரை இருந்த பக்கம் நன்றியோடு கையாட்டினார்.

“யாருக்குங்க டாட்டா?” என்று மனைவி சிரித்தாள்.

பக்கம் தானாக முகப்புக்குத் திரும்பியது. குரல் மறுபடி படித்தது.

“அலுவலக வாசல். வரிசையில் ஆறு பேர். படியிறங்கிய நீலச் சட்டைக்காரர் கையாட்டுகிறார். ஆறு பேரும் அவரைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள்.”