பாலம்மா

குரங்கு வளர்ப்பு மையத்தில் தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் இயந்திரத்தைப் பணியாளர்கள் பாலம்மா என்றுதான் அழைப்பார்கள். கதகதப்பான ரோமமும் இரண்டு காம்புகளும் அதற்கு உண்டு. காப்பாளர் எப்சிபாவுக்கு இப்போது அதுதான் தலைவலி. அதில் பால் குடித்து வளர்ந்த செம்பி என்ற குரங்கு நேற்றுக் குட்டி போட்டிருந்தது. பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு, தானே பாலம்மாவின் மடியில் ஏறிக் குடித்துக்கொண்டிருந்தது.

“உனக்கு வெக்கமே இல்லையாடி? புள்ள கத்துது பாரு” என்று காலையிலிருந்து நான்கு முறை இறக்கிவிட்டாள். கடைசியில் அதிகாரி சொன்னபடி இயந்திரத்தையே கூண்டுக்கு வெளியே இழுத்து வந்தாள். செம்பி மூலையில் சுருண்டது. குட்டியை நீட்டினால் தள்ளிவிட்டது. மதியத்துக்குள் குட்டிக்கு அழவும் தெம்பில்லை.

எப்சிபா திட்டிக்கொண்டே பாலம்மாவை மறுபடி உள்ளே தள்ளினாள். செம்பி ஓடிவந்து மடியேறிக் காம்பைக் கவ்வியது. சற்று நேரத்தில் கை நீட்டிக் குட்டியை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டது. குட்டி குடிக்கத் தொடங்கியது.

அதிகாரி போனில் கேட்டார். “மெஷினை எடுத்தாச்சா?”

“எடுத்தேன் சார். திரும்ப வச்சிட்டேன்.”

“ஏம்மா?”

“புள்ள பெத்தவளுக்கு அவ அம்மா பக்கத்துல இருக்க வேண்டாமா சார்?” என்றாள் எரிச்சல் அடங்காமல்.