மஞ்சணத்தி மெஸ்

"அண்ணாச்சி, உள்ள ஷூட்டிங் ஓடுது. யாரையும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்று வாட்ச்மேன் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

பெருமாள்சாமி நகரவில்லை. எட்டயபுரம் ரோட்டில் மூடிக் கிடக்கும் பஞ்சு மில்லின் கேட்டுக்கு முன்னால், வேட்டியெல்லாம் கரிசல் புழுதியாக இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்க்காமல் திரும்புவதில்லை என்று மனைவி ராஜமணியிடம் சொல்லிவிட்டு வந்தவர்.

அந்த மில்லுக்குள்தான் நாலு மாதமாக ஒரு டிவி தொடர் எடுக்கிறார்கள். ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் ஏழு பேர் வேலை பார்க்காமல் பொழுதைப் போக்குவதுதான் கதை. மத்தியானம் ஆனால் ஏழு பேரும் 'மஞ்சணத்தி மெஸ்' பொட்டலத்தைப் பிரிப்பார்கள். ஒருவர் சாம்பாரில் பருப்பைத் தேடுவார். இன்னொருவர் சோற்றில் கிடந்த கற்களைப் பொறுக்கி மேஜையில் அடுக்குவார். கடையை ஒரு நாள்கூடக் காட்டியது கிடையாது. பேரைச் சொன்னாலே ஊர் உலகம் சிரித்தது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மஞ்சணத்தி மரத்தடியில், பதினெட்டு வருஷமாக அதே பேரில் மெஸ் நடத்துகிறவர் பெருமாள்சாமி. அவருக்கு எப்படி இருக்கும்?

வாடிக்கையாக வந்த பேங்க்காரர்கள் நின்றுவிட்டார்கள். வழியோடு போகிறவர்கள் போர்டு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டு, சாப்பிட மட்டும் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். நேற்று சொர்ணத்தாய் வீட்டுச் சடங்குக்குச் சொல்லியிருந்த இருநூறு இலையும் கையை விட்டுப் போனது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் சிரித்துவிட்டால் மானம் போய்விடும் என்று அந்த அம்மாளே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியூர் வேலையாட்களுக்கென்று வேன்காரர் சுடலைமணி தினமும் அறுபது சாப்பாடு எடுத்துப் போகிறார். அதுவும் இல்லையென்றால் பெருமாள்சாமி கடையை என்றோ பூட்டியிருப்பார்.

சென்னை ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்த்தார். ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். அந்த இன்னொருவர் முதல் ஆளையே கேட்கச் சொன்னார். பதிவுத் தபாலில் கடிதம் போட்டதற்கு, தொடரில் வரும் பெயர்கள் யாவும் கற்பனையே என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இந்தக் கற்பனைக்கு உலகத்தில் வேறு மரமே கிடைக்கவில்லையா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். வாட்ச்மேன் மனமிரங்கி உள்ளே அனுப்பிவைத்தார். பெருமாள்சாமிக்கு வயிறு எரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றுப்புண் வந்ததிலிருந்து, ராஜமணி கேரியரில் கொடுத்தனுப்பும் வீட்டுச் சாப்பாடுதான் அவருக்கு மத்தியானத்தில். இன்று இருந்த கோபத்தில் அதற்குக்கூடக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார்.

உள்ளே அவரிடம் பேச வந்தவள், தொடருக்குக் கதை எழுதும் உமாதேவி என்ற பெண். கழுகுமலைக்காரி என்றதும் அவருக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"ஊர்ப்பிள்ளையா இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமாம்மா? நீங்க சிரிச்சிட்டுப் போயிருதீங்க. அங்கன என் அடுப்புல பூனை படுத்துக் கெடக்கு."

உமாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த அளவுக்குப் போகும் என்று தான் நினைக்கவே இல்லை என்றாள். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பேர் தொடரில் வராது என்று சொன்னதோடு நிற்காமல், தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தாள்.

பெருமாள்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அலைந்ததற்கு, ஒரு சின்னப் பெண் ஐந்து நிமிஷத்தில் நியாயம் செய்துவிட்டாளே என்றிருந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வக்கீல் நோட்டீஸ் வராமல் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தார் தொடரின் மேனேஜர் மணிகண்டபிரபு. பசியோடு போகக் கூடாது என்று பெருமாள்சாமியின் கையைப் பிடித்து இழுத்தார். உமாதேவி வேண்டாம் என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். மேனேஜர் அதைக் கவனிக்காமல் இலையைப் போடச் சொல்லிவிட்டார்.

சோறு வந்தது. சாம்பார் வந்தது. பெருமாள்சாமி பிசைந்து முதல் வாயை வைத்தார். கடக்கென்று பல்லில் கல் கடித்தது.

அதை எடுத்து இலையோரத்தில் வைத்துவிட்டு, சாம்பாரை விரலால் துழாவிப் பார்த்தார். பருப்பு சிக்கவில்லை. அடுத்த வாயிலும் கல். பதினெட்டு வருஷம் மெஸ் நடத்தியவர் அல்லவா, அதற்கு மேல் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"நானும் இதே தொழில்ல கெடக்குறவன்மா, சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. இதை மனுசன் தின்பானா? நாலு மாசமா இதையா திங்குதீங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள்.

"இந்தக் கடைக்காரன் பேரை டிவியில போட்டு நாறடிங்க. ஒரு பய ஏன்னு கேக்க மாட்டான். எந்தக் கடைம்மா இது?"

உமாதேவி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உங்க கடைதான் அண்ணாச்சி."