ஜீப்புக்குப் போட்ட தொப்பி

வெயில் சாய்கிறது. பழைய ஜீப், கழற்றி அடுக்கிய ராட்டினத்தை ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறது. ஓட்டும் ராட்டினக்காரரின் கண் சாலையைவிடப் பெட்ரோல் முள்ளின் மேலேயே அதிகம் இருக்கிறது. "இது குடிக்கிற பெட்ரோலுக்குப் பேசாம ராட்டினத்தை வித்துடலாம்" என்று போன வாரம் அவர்தான் சொன்னார். "காத்து முட்டுறதாலதான் இவ்வளவு குடிக்குது" என்ற மனைவி மறுநாளே வேலையில் இறங்கினாள். ஜீப்பின் கூரைமேல் ஒரு ப்ளைவுட் பலகையைச் சாய்வாகப் பொருத்தினாள். ட்ரெய்லரின் முன்பக்க முனைகளைத் தகரத்தால் வளைத்து மூடினாள். ஜீப்புக்குத் தொப்பி போட்டிருக்கிறாள் என்று தெருவே சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். இப்போது காற்று ட்ரெய்லரின் முகத்தில் முட்டி ஊளையிடவில்லை. பலகையில் ஏறி, ட்ரெய்லரின் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. பக்கத்தில் அவள் கண்மூடிச் சாய்ந்திருக்கிறாள். தகரம் கிழித்த விரலில் பிளாஸ்திரி. அதன்மேல் ஜன்னல் வழியே மஞ்சள் வெளிச்சம் ஆடுகிறது. எப்போதும் பெட்ரோல் போட நிற்கும் பங்க் வருகிறது. முள் பாதிக்கு மேலேயே நிற்கிறது. நம்பாமல் விரலால் தட்டிப் பார்க்கிறார், அசையவில்லை. பங்க் பின்னால் போகிறது. எழுப்பிச் சொல்லலாமா என்று நினைத்து, மனசு வராமல் விட்டுவிடுகிறார்.

"என்னங்க, பங்க் தாண்டியாச்சா?" கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்.

"தூங்கலையா நீ?"

"முள்ளு எங்க நிக்குதுன்னு தெரியாம எப்படித் தூக்கம் வரும்?"

"பாதிக்கு மேல நிக்குது."

அவள் உதடு லேசாக விரிகிறது. அவர் முள்ளை விட்டுக் கண்ணைச் சாலைக்குத் திருப்புகிறார்.

"ராட்டினக் குதிரைங்களுக்குப் புதுசா பெயின்ட் அடிக்கணும். என்ன கலர் வாங்கலாம்?"

"நீலம்" என்கிறவள், அடுத்த வளைவு வருவதற்குள் நிஜமாகவே தூங்கிப்போகிறாள்.